அண்ணாச்சியின் ஐந்து மின்னஞ்சல் முகவரிகள்

போன மாதம் எங்கள் கிளையில் பழைய கரண்ட் அக்கவுண்ட்களுக்கெல்லாம் கேஒய்சி புதுப்பிக்கிற வேலை. பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்த ஒரு ஃபைல், தாராவியில் தோல் பர்ஸ், பெல்ட் செய்து ஏற்றுமதி பண்ணுகிற ஓர் அண்ணாச்சியுடையது. திருநெல்வேலிப் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான் என்பதால் கிளைக்கு வந்தால் ரெண்டு நிமிஷம் ஊர்க்கதை பேசாமல் போகமாட்டார். கணக்கு தொடங்கியது 1997ல். அன்று முதல் அவர் கொடுத்த விசிட்டிங் கார்டுகளை, வந்துபோன அதிகாரிகள் எல்லாரும் ஃபைலிலேயே பின் அடித்து வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஐந்து. கடை விலாசம் மாறவே இல்லை. ஃபோன் நம்பர் முன்னால் ஒரு 2 சேர்ந்ததோடு சரி. மின்னஞ்சல் முகவரி மட்டும் ஐந்திலும் ஐந்து விதம்.

மேஜையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். நம் நாட்டுச் சின்ன வியாபாரிக்கு மின்னஞ்சல் வந்து சேர்ந்த சரித்திரம் முக்கால்வாசி அதில் இருந்தது. நான் பி.காம் ஆசாமி. சர்வர் விஷயத்தில் தப்பு இருந்தால் கம்ப்யூட்டர் படித்த தம்பிகள் பொறுத்துக்கொள்ளவும் :-) ஆனால் ஒரு மடலின் பின்னால் பணம் போக ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது எங்கள் கவுண்டரில்தான் தெரியும்.

முதல் கார்டில் இருந்த முகவரியை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் பாஸ்வேர்டு என்று நினைப்பார்கள். 'அட்' குறிக்குப் பின்னால் 'ஜியாஸ்பிஎம்01.விஎஸ்என்எல்.நெட்.இன்'. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. ஜியாஸ் என்பது அந்தச் சேவையின் சுருக்கப் பெயர், பிஎம் என்றால் பம்பாய், 01 என்பது மெஷின் நம்பர். சென்னைக்கு எம்டி, டெல்லிக்கு டிஎல், கல்கத்தாவுக்கு சிஎல். அதாவது உங்கள் கடிதம் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ அந்தப் பெட்டியின் பெயரே உங்கள் விலாசம். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். மாணவர்களும் சிக்கனக்காரர்களும் எடுத்தது ஷெல் அக்கவுண்ட், படம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து.

அண்ணாச்சியிடம் அப்போது கம்ப்யூட்டரே இல்லை. பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டர்காரனிடம் இருந்த ஒரே கனெக்‌ஷனை நாலு வியாபாரிகள் பங்கு போட்டிருந்தார்கள். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை லைன் கிடைத்தால் மடலை இறக்கி, பிரிண்ட் எடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கொடுப்பான். தந்தி ஆபீஸ் மாதிரிதான். ஆர்டர் விலையை நாலு பேரும் படிக்கலாம் என்பது கூடுதல் வசதி. அந்தக் கடைக்காரன் கடையைக் காலி பண்ணினபோது அண்ணாச்சியின் முகவரியும் கூடவே போய்விட்டது.

1998 நவம்பரில் இணைய இணைப்பு கொடுக்கத் தனியாரையும் அனுமதித்தார்கள். போட்டி வந்தது, விலை இறங்கியது, நல்ல விஷயம்தான். ஆனால் கனெக்‌ஷனோடு வந்த மின்னஞ்சல் முகவரி கனெக்‌ஷன்காரருடையது. கம்பெனியை மாற்றினால் முகவரி அவர்களிடமே தங்கிவிடும். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் ரேஷன் கார்டு விலாசம் போகிற கதை. மும்பைக்கு வந்த புதிதில் வீடு மாறி மாறிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தலைவலிக்கு மருந்தாகத்தான் இலவச மெயில் வந்தது. நம்ம சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று ஹாட்மெயிலைத் தொடங்கி, அடுத்த ஆண்டுக் கடைசியில் மைக்ரோசாஃப்டுக்கு விற்றார்கள். எந்த ஊரில், எந்த பிரவுசிங் சென்டரில் இருந்தாலும் அதே முகவரி. இடம் 2 எம்பி. இன்று செல்ஃபோனில் எடுக்கிற ஒரு ஃபோட்டோ அதில் நுழையாது! கொஞ்ச நாள் உள்ளே போகாமல் இருந்தால் பெட்டியைக் காலி செய்துவிடுவது அன்றைய இலவச சேவைகளில் வழக்கம். யாஹூ மெயிலில் மடல்களை நம் கம்ப்யூட்டருக்கே இறக்கி வைத்துக்கொள்ளும் பாப் வசதி இலவசமாக இருந்தது. 2002 ஏப்ரலில் அதற்கு ஆண்டுக்கு 30 டாலர் போல என்று வைத்தார்கள். டாலரில் கட்டக் கிரெடிட் கார்டு வேண்டும். அன்று தாராவியில் யாரிடம் இருந்தது?

இரண்டாவது, மூன்றாவது கார்டு இந்தக் காலத்தவை. இரண்டுமே இலவச முகவரிகள். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அண்ணாச்சி அம்மன் கொடைக்கு ஊருக்குப் போனவர், அங்கேயே டைஃபாய்டில் படுத்து இரண்டு மாதம் கழித்துத் திரும்பினார். பெட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அதில் இரண்டு ஆர்டர். "யார்ட்ட போய் கேக்க, தம்பி? கதவைத் தட்டுறதுக்கு ஒரு கதவு இருந்தாத்தானே?" என்பார். இந்தத் துறையின் முப்பது வருஷக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபியோடு வந்தபோது இடப் பஞ்சம் தீர்ந்தது. தட்டக் கதவு வரவில்லை.

நாலாவது கார்டுக்கு வருவோம். 2009. பளபளவென்று, கம்பெனி பெயரிலேயே சொந்த முகவரி, கடைசியில் '.இன்'. முன்பெல்லாம் '.இன்' பெயர் வாங்குவது லேசில்லை. 2004 வரை மொத்தமே 7000 போலத்தான் பதிவாகியிருந்தன. 2005ல் விதிகளைத் தளர்த்திய பிறகு ஆளாளுக்கு வாங்க முடிந்தது. கூடவே தெருவுக்கு ஒரு வெப் டிசைனர். வெப்சைட், டொமைன், மெயில் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தொகை. அண்ணாச்சியும் ஒரு பையனிடம் கொடுத்தார்.

இந்த மலிவு ஹோஸ்டிங் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கடைகள், எல்லாருக்கும் ஒரே ஐபி எண். அதில் ஒருவன் லாட்டரி மடல் அனுப்பினால் போதும், ஸ்பாம்ஹவுஸ் மாதிரியான கறுப்புப் பட்டியலில் அந்த ஐபியே ஏறிவிடும். அப்புறம் யோக்கியமான கடைக்காரன் அனுப்பிய இன்வாய்ஸும் ஸ்பாமுக்குப் போகும், அல்லது போகவே போகாது. அனுப்பியவனுக்கு இது தெரியவும் தெரியாது. சாலில் ஒரு வீட்டுக்காரன் தண்ணீர் பில் கட்டாததற்கு மொத்த சாலுக்கும் குழாயை மூடுவது போல. 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹூவும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் என்ற அத்தாட்சி இல்லாத மடலை வாங்க யோசிக்கின்றன. அனுப்புகிறவர் யார் என்று சோதிப்பது நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு வரியை டொமைனில் எழுதத் தெரிந்த ஆள் சின்னக் கடையில் இருப்பாரா?

அண்ணாச்சிக்கு ஒரு பெட்டிக்கு 250 எம்பி. நிறைந்துவிடும் என்று டிசைனர், மடல் கடைக் கம்ப்யூட்டருக்கு இறங்கியதும் சர்வரில் அழிகிற மாதிரி செட் பண்ணியிருந்தான். கம்ப்யூட்டரில் ஒருமுறை வைரஸ் வந்து ஃபார்மட் பண்ணினார்கள். பழைய மடல் எல்லாம் போச்சு. "போனாப் போட்டும்" என்று விட்டுவிட்டார்.

2019ல் அது எப்படித் திரும்பிக் கடித்தது என்று பாருங்கள். ஜெர்மனியில் பத்து வருஷமாகச் சரக்கு வாங்குகிற ஒருவர். 18,400 யூரோ வர வேண்டும், வரவில்லை. அண்ணாச்சி ஃபோன் போட்டால், "போன வாரமே அனுப்பிவிட்டேனே, நீங்கள் கொடுத்த புதுக் கணக்குக்கு" என்கிறார். இவர் எந்தப் புதுக் கணக்கும் கொடுக்கவில்லை. ஆனால் மடல் இவர் முகவரியில் இருந்தே போயிருக்கிறது. இவருடைய இன்வாய்ஸ், இவருடைய லெட்டர்ஹெட், 'மும்பைக் கணக்கில் ஆடிட் நடப்பதால் இந்த முறை மட்டும்' என்று ஒரு வரி, கீழே வேறொரு ஐரோப்பிய நாட்டுக் கணக்கு எண். பெட்டிக்குள் புகுந்த எவனோ, இன்வாய்ஸ் என்ற சொல் வரும் மடலெல்லாம் தனக்கும் ஒரு பிரதி வரும்படி ரூல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறான். பாஸ்வேர்டு, கடைப் பெயரும் 123ம். கடையில் நாலு பேருக்கும் தெரியும்.

ஸ்விஃப்டில் ரீகால் கேட்டுச் செய்தி அனுப்பச் சொன்னோம். பணம் இருந்தால்தானே திரும்பும்? வங்கிகள் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைத்த காலம் அது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2010லேயே, மின்னணுப் பரிமாற்றத்தில் எண்ணை வைத்து மட்டும் வரவு வைக்கலாம், சரியாகக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. பெயரைச் சரிபார்க்கும் வசதி இங்கே ஆர்டிஜிஎஸ், நெஃப்டுக்கு வந்ததே 2025ல்தான். யூரோ நாடுகளில் 2025 அக்டோபர்.

போலீஸில் கேட்டது இரண்டே: மூல மடல் ஹெடரோடு, மற்றும் அந்தப் பெட்டிக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற லாக். முதலாவது சர்வரில் கிடையாது, இறங்கியதும் அழிகிற செட்டிங். இரண்டாவதற்கு டிசைனரைப் பிடிக்க வேண்டும். அவன் புனேவுக்குப் போய் வேறு வேலையில் இருந்தான். அவன் தம்பி மூலம் பிடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஹோஸ்டிங் கம்பெனி லாக் வைத்திருந்தது சில நாட்களுக்குத்தான்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று உண்டு. சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை. ஆகவே எங்கள் பக்கத்தில், ஏற்றுமதிப் பணத்தைக் கண்காணிக்க 2014ல் வந்த ஈடிபிஎம்எஸ்ஸில் அந்த ஷிப்பிங் பில் திறந்தே நிற்கும். அன்றைய கெடு ஒன்பது மாதம். ஏமாந்த மனுஷனுக்கே, "பணம் எப்போது வரும்?" என்று கேட்டுக் கடிதம் போட வேண்டியவன் நான். போட்டேன். இரண்டு முறை. கடைசியில் எஃப்ஐஆர் நகலோடு ரைட்-ஆஃப் விண்ணப்பம் கொடுத்து அதை மூடினோம். அந்த வருஷம் தீபாவளிக்கு வழக்கமாக வருகிற ஸ்வீட் பாக்ஸ் வரவில்லை. தங்கமணி மட்டும் ஏன் என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது ஐந்தாவது கார்டு. அதே டொமைன், ஆனால் மெயில் ஒரு பெரிய கம்பெனியின் கட்டணச் சேவையில். அப்போதே நான் சென்னையின் ஸோஹோ 2008ல் இருந்து மெயில் தருகிறது என்றும் சொன்னேன். "தென்காசில ஆபீஸ் வச்சிருக்காங்கல்லா?" என்று சந்தோஷப்பட்டார். ஆனால் மகள் வேறொன்றை வாங்கிவிட்டாள்.

இலவசத்தை நம்பாமல் இருந்ததும் நல்லதே. கூகுள் 2006ல் சொந்த டொமைன் மெயிலை இலவசமாகக் கொடுத்தது, 2011ல் புதியவர்களுக்குப் பத்துப் பேர் வரைதான் என்றது, 2012 டிசம்பரில் புதிய சேர்க்கையை நிறுத்தியது, 2022 ஜனவரியில் பழைய வியாபாரிகளும் காசு கட்ட வேண்டும் என்று அறிவித்தது. பதினைந்து வருஷ மடல் ஒருவரிடம் இருக்கும்போது பேரம் பேச என்ன இருக்கிறது?

காசு கட்டினால் மட்டும் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ரேக்ஸ்பேஸ் என்ற பெரிய நிறுவனம் சின்னக் கம்பெனிகளுக்கென்றே எக்ஸ்சேஞ்ச் மெயில் நடத்தி வந்தது. 2022 டிசம்பர் 2 அன்று ரான்சம்வேர் தாக்கியது. சுமார் 30,000 வாடிக்கையாளர்களின் மெயில் ஒரே நாளில் நின்றது. பிறகு அந்தச் சேவையையே நிறுவனம் மூடிவிட்டு, எல்லாரையும் மைக்ரோசாஃப்ட் 365க்குப் போகச் சொன்னது. பழைய மடல் திரும்பக் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். மாதா மாதம் ஒழுங்காகக் காசு கட்டியவர்கள்!

கட்டணச் சேவையில் கணக்கு தலைக்கு இவ்வளவு. பெரிய கம்பெனிக்கு அது கணக்கிலேயே வராது. அண்ணாச்சி கடையில் மடல் பார்ப்பவர்கள் நாலு பேர், வாங்கியது இரண்டு பெட்டி. ஆக மறுபடியும் ஒரு பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரியும். ஓடிபி போவது மேனேஜரின் செல்ஃபோனுக்கு. அவர் லீவில் போனால், "சார், நம்பர் வந்திச்சா?" என்று ஃபோன் பறக்கிறது. ஜிஎஸ்டி பதிவில் கொடுத்திருப்பதோ ஆடிட்டரின் மின்னஞ்சல்.

கேஒய்சி படிவத்தில் மின்னஞ்சல் கட்டத்தில் எதை எழுத என்று கேட்டார். கம்பெனி முகவரியையே எழுதச் சொன்னேன். அப்போதுதான் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. மகளுக்கு ஃபோன் போட்டார். 2009ல் வாங்கியது வாங்கியபடியே அந்த டிசைனர் பையன் பெயரில்தான் இருக்கிறதாம். 2019ல் மெயிலை மாற்றியபோதுகூட அவனிடம் கெஞ்சித்தான் செட்டிங்கை மாற்றினார்களாம். புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்பு போவது அவனுடைய பழைய யாஹூ முகவரிக்கு. அவன் அதைத் திறந்தே பல வருஷம் இருக்கும். காலாவதி வருகிற மார்ச்.

படிவத்தை அப்படியே வைத்திருக்கிறேன். 2009ல் டிசைனருக்குக் கொடுத்த செக்கின் அடிக்கட்டையும் பில்லும் வீட்டில் எங்கோ இருக்கிறதாம், தேடி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.