காயம் ஆறிய பிறகு: ஊக்கமும் அயலும்

2009 பெப்ரவரி 10ஆம் திகதி புதுமாத்தளன் கரையிலிருந்து 240க்கும் அதிகமான காயக்காரரையும் நோயாளரையும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல் வழியாக வெளியேற்றித் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. மே 9 வரை இவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள், துணைக்கு வந்த உறவினரையும் சேர்த்து, ஏறக்குறைய 14,000 பேர். பின்னர் இதே மாவட்டத்தின் புல்மோட்டையிலும் காயக்காரர் இறக்கப்பட்டனர். அங்கே இந்திய மருத்துவ அணியின் கள வைத்தியசாலை இயங்கியது.

அந்த நாட்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு வந்த வருடங்களைப் பற்றி எழுதியது குறைவு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கால் அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இல்லாத காலில் உணர்வு இருக்கும். பலருக்கு அது வலியாகவே வரும்; இல்லாத விரல் எரியும், இல்லாத பாதம் முறுகும். இதை வெளியே சொன்னால் மூளை குழம்பிவிட்டது என்பார்களோ என்று பயந்து வருடக்கணக்கில் வாய் திறக்காதவர்கள் உண்டு. இது நரம்பும் மூளையும் சம்பந்தப்பட்ட உண்மையான வலி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடிப் பெட்டி முறையை அறிமுகப்படுத்தினார். இருக்கிற காலின் விம்பத்தைப் பார்த்தபடி அசைக்கும்போது, இழந்த கால் அசைவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. சிலருக்கு வலி தணிகிறது. ஆனால் அதற்கு முதல் யாராவது ஒருவர் "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கால் இழந்த இன்னொருவர் சொன்னால்தான் மனம் நம்பும். "எல்லாம் சரியாகிவிடும்" என்று கட்டிலருகே நின்று சொல்வதை நான் ஊக்கம் என்று எண்ணுவதில்லை. "ஐயோ பாவம்" அதைவிட மோசம்.

செயற்கைக் காலும் ஒருமுறை போட்டதோடு முடிகிற காரியம் அல்ல. வெட்டிய பகுதி மாதங்கள் போகப் போகச் சுருங்கும். கிண்ணம் தளரும், உரசும், புண்ணாகும். திரும்பவும் அளவெடுக்க வேண்டும், சில வருடங்களில் புதிதாக மாற்றவும் வேண்டும். 1968இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர்க் கால் நம்மவர்களுக்குப் பொருந்தியதற்குக் காரணம் எளிது: குந்தியிருக்கலாம், சப்பாத்தில்லாமல் நடக்கலாம், வயலில் இறங்கலாம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இந்தப் பணியைச் செய்கிறது. ஆனால் ஈச்சிலம்பற்றிலோ சம்பூரிலோ இருப்பவர் கால் திருத்தப் போவதென்றால் பயணச் செலவு, ஒருநாள் கூலி, கூட வர ஒரு ஆள் என்று எல்லாம் வேண்டும். அந்த ஆள் கிடைக்காததால் கால் மூலையில் கிடக்கிறது. மனிதர் பழையபடி தடியோடு நடக்கிறார். அயல் என்று நான் சொல்வது இதைத்தான்.

முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கம் கிடந்தால் படுக்கைப் புண் வரும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்பது வழமையான அறிவுரை. சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பாரத்தைக் குறைக்க வேண்டும். புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் ஆளைக் கொல்பவை. இதை மறக்காமல் செய்யும் பழக்கத்தை, அதே நிலையில் பல வருடம் வாழ்ந்த ஒருவர் கற்றுக்கொடுப்பது போல் வேறு எவரும் கற்றுக்கொடுக்க முடியாது. வன்னியில், மாங்குளத்தில், இவ்வாறு பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து நடத்தும் 'உயிரிழை' அமைப்பு அந்த வகையைச் சேர்ந்தது. கிழக்கிலும் அப்படியொன்று பலமாக வேரூன்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் 2009இல் இருபது வயதில் காயப்பட்டவருக்கு இன்று நாற்பது நெருங்குகிறது, அல்லது கடந்துவிட்டது. இரவில் எழுந்து அவரைப் புரட்டிவிட்ட அம்மாவுக்கு எழுபது. அவருக்கே இப்போது மூட்டு வலி. அடுத்து யார் எழும்புவது என்று பல வீடுகளில் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.