போக்கர் போட்டியில் திறனும் கட்டுப்பாடும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

போக்கர் சீட்டாட்டத்தை வெறும் சூது என்று ஒதுக்குவோரும், முழுக்க அறிவாட்டம் என்று வாதிடுவோரும் ஆட்டத்தை மட்டுமே பார்க்கிறார்கள். ஆடுபவரின் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. நன்றாக ஆடத் தெரிவதும் அளவோடு ஆடத் தெரிவதும் இருவேறு திறன்கள். முதலாவது கைவந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. லாஸ் வேகாஸில் 1970இல் தொடங்கிய ‘வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்’ தொடரைக் கொண்டு இதை நிறுவ முயல்கிறேன்.

2. போட்டியின் அமைப்பு

இத்தொடரின் முதன்மைப் போட்டிக்கு 1972 முதல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கட்டியவருக்குச் சிப்ஸ் எனும் பந்தய வில்லைகள் தரப்படும். அவை தீர்ந்தால் வெளியேற வேண்டும், மறுபடி பணம் கட்டி நுழைய முடியாது. ‘பிளைண்ட்’ எனும் கட்டாயப் பந்தயம் குறித்த இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். அண்மை ஆண்டுகளில் நூறு பேரில் ஏறத்தாழ 15 பேருக்கே பரிசு.

2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 86 டாலர் கட்டி ஆடிய இணையத் தகுதிப் போட்டி வழியாக நுழைந்து 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு ஆடியவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர். ஒருவரின் வெற்றிக் கதை எத்தனை பேரை இழுக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

3. சிப்ஸின் மதிப்பும் பரிசின் மதிப்பும்

போட்டி ஆட்டத்தின் நுட்பமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. இறுதியில் மூவர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று கொள்வோம். கையிருப்பு முறையே 50, 30, 20 ஆயிரம் சிப்ஸ்; பரிசுகளும் 50, 30, 20 ஆயிரம் டாலர். சிப்ஸ் விகிதப்படி வெல்லும் வாய்ப்பைக் கணிக்கும் ‘ஐசிஎம்’ முறையில், பாதிச் சிப்ஸ் வைத்திருப்பவரின் பங்கு மொத்தப் பரிசில் பாதியாக வருவதில்லை. ஏறத்தாழ 38,400 டாலர்தான். கடைசி நிலையில் இருப்பவரின் பங்கு ஏறத்தாழ 28,900.

இப்போது முதல் நிலையில் இருப்பவர் ‘ஆல்-இன்’ சொல்கிறார், அதாவது சிப்ஸ் முழுவதையும் பந்தயம் வைக்கிறார். கடைசி ஆள் ஏற்று வென்றால் சிப்ஸ் இரட்டிக்கும். ஆனால் அவர் பங்கு 35,400 ஆகத்தான் உயரும். தோற்றால் 20,000. வரவு 6,500, இழப்பு 8,900! ஆகவே நூறில் 58 முறையாவது வெல்லக்கூடிய கை, அதாவது சீட்டுகள், இருந்தால்தான் ஏற்கலாம். சரிபாதி வாய்ப்புள்ள கையைக் கீழே வைப்பதே சரி. வீரம் காட்ட வேண்டிய இடம் என்று புதியவர் நினைக்கும் இடத்தில் தேர்ந்தவர் சீட்டை மடிக்கிறார்.

4. தோல்வியின் இயல்பு

ஐந்து போட்டிக்கு ஒருமுறை பரிசு தொடுபவர் நல்ல ஆட்டக்காரர். அவரும் தொடர்ந்து பத்துப் போட்டிகளில் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு நூறில் ஏறத்தாழ 11. இதனால்தான், நூறு நுழைவுக் கட்டணத்துக்கு ஈடான பணம் தனியே இருக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். 5,000 டாலர் ஒதுக்கியவர் 50 டாலர் போட்டியில் ஆடலாம். 10,000 டாலர் போட்டிக்குப் பத்து லட்சம் வேண்டும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கட்டணமும் இந்தக் கணக்கில் சேரவே கூடாது.

5. ஸ்டூ அங்கர்

1980, 1981, 1997 என மூன்று முறை முதன்மைப் போட்டியை வென்றவர் அங்கர். மூன்றாம் முறை நுழைவுக் கட்டணத்தையே நண்பர் ஒருவர்தான் கட்டினார். பரிசு பத்து லட்சம் டாலர். மறு ஆண்டு நவம்பரில், லாஸ் வேகாஸின் மலிவான விடுதியறை ஒன்றில் இறந்துகிடந்தார், வயது 45. மேசையில் சம்பாதித்ததை விளையாட்டுப் பந்தயங்களும் போதைப்பொருளும் தின்றிருந்தன. எதிராளியின் கையைப் படித்த மூளை, அவரை அவரிடமிருந்து காக்கவில்லை. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

6. வேலி

வெளியேறினால் முடிந்தது என்ற விதியே ஒரு வேலி: இழப்பு முன்கூட்டியே தெரியும். மறுநுழைவை அனுமதிக்கும் போட்டிகளில் அந்த வேலி இல்லை. வலுவான கை கடைசிச் சீட்டில் தோற்ற அடுத்த பத்து நிமிடம்தான் ஆபத்தானது. முகம் சூடேறும், ‘விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்று கை பர்ஸுக்குப் போகும். எத்தனை முறை நுழைவது, எத்தனை மணிக்கு எழுவது என்பதை உட்காரும் முன்பே எழுதிவைக்க வேண்டும். தோற்ற பிறகு எடுக்கும் முடிவை நம்பக்கூடாது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடு, சூதாட்ட நோயை அடிமைப் பழக்கங்களோடு சேர்த்தது. அது தரும் ஒன்பது அறிகுறிகளில் நான்கு ஓராண்டுக்குள் தெரிந்தால் நோய் எனக் கொள்ளலாம். விட்டதைப் பிடிக்க ஓடுவதும் ஆட்டத்தை மறைக்கப் பொய் சொல்வதும் அவற்றில் அடங்கும்.

7. நம் நிலை

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறன், வாய்ப்பு என்ற பேதமின்றி, 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்கிறது. இணையப் போக்கரும் அதில் அடக்கம். உங்கள் வீட்டில் ஒருவர் கடன் வாங்கி ஆடுகிறார் என்றால் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். அவரை அருகில் உட்காரவைத்து 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இன்றே அழையுங்கள்.