நெருப்புக்குப் போன ஏடும் அழியாத ஹார்ட் டிஸ்க்கும்

தகவலை அழிப்பது என்றதும், அது கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்த பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு வயது அதிகம். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் கரிவலம்வந்தநல்லூர் என்று ஓர் ஊர் வரும். இந்தக் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பழைய தமிழ் நூல்களின் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் இந்த ஊருக்கும் வந்தார். வரகுண பாண்டியர் சேர்த்து வைத்த ஏடுகள் கோவில் வசம் இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். வந்து விசாரித்தால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருப்பதாகச் சொல்லி, அப்படியே செய்துவிட்டார்களாம்! 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திர'த்தில் இதை வேதனையோடு எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுகளில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கொடுமைதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அழிக்க நினைத்தார்கள், அது முழுசாக அழிந்தது. ஓலையில் எழுத்தும் பொருளும் ஒன்று. ஓலை எரிந்தால் எழுத்தும் போச்சு.

அடுத்து வந்தது காகிதக் காலம். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது. ஒரு பஞ்சாலை வந்தால் அதோடு சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, நாளேடு, பேரேடு எல்லாம் வரும். எந்த ஊரிலும் இப்படிச் சேர்ந்த பழைய கணக்குத்தாள்கள் கடைசியில் எடைக்குப் போகும். அங்கிருந்து கடலைப் பொட்டலமாக ஊரைச் சுற்றும். காகிதத்தைக் கிழித்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 1979இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டபோது, அதிகாரிகள் இயந்திரத்தில் போட்டு நாடா நாடாக வெட்டிய ஆவணங்களை ஈரானியர்கள் பொறுமையாக ஒட்டிச் சேர்த்துப் புத்தகங்களாகவே வெளியிட்டார்கள்.

இதற்கிடையில் 1956இல் ஐபிஎம் நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கோடு ஒரு கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பி. இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோவுக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும். தகவல் காந்தத்துக்கு மாறிய அன்றே அழிப்பதன் அர்த்தமும் மாறிவிட்டது.

எப்படி? ஒரு தடிமனான பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று ஓர் அட்டவணை இருக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் டெலிட் செய்வது அந்த அட்டவணையில் ஒரு வரியை அடிப்பது மாதிரி. 'குவிக் ஃபார்மட்' செய்வது அட்டவணைத் தாளையே மாற்றி வைப்பது. உள்ளே கணக்குப் பக்கங்கள் அப்படியே இருக்கும். அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்தே மீட்டுவிடலாம்.

இதை ஊரறியச் சொன்னவர்கள் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் இருவர்: சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட். 2000 முதல் 2002 வரை 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்தார்கள். 129 வேலை செய்தன. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை வெறும் 12! 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் ஏடிஎம் இயந்திரத்தில் இருந்து வந்தது. 2003இல் கட்டுரை வெளியானது.

அதற்கு முன்பே, 1996இல் நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 35 முறை மேலெழுதும் முறை ஒன்றைச் சொல்லியிருந்தார். பலர் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள். அது பல வகைப் பழைய டிஸ்க்குகளையும் மனதில் வைத்துச் சொன்னது, எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35 முறையும் தேவையில்லை என்று பிறகு அவரே விளக்கினார். 2006இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், அன்றைய பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு ஒரு முறை முழுக்க மேலெழுதினாலே போதும் என்றது.

அப்பாடா என்று இருப்பதற்குள் எஸ்எஸ்டி வந்துவிட்டது. அதன் செல்கள் சீக்கிரம் தேயக்கூடாது என்பதற்காக, ஒரே இடத்தில் எழுதச் சொன்னாலும் அது வேறு இடத்தில் எழுதும். பழைய பிரதி எங்காவது தங்கிவிடலாம். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். காந்தம் வைத்துத் தேய்ப்பதாலும் பயனில்லை, ஏனென்றால் அதில் காந்தப் பதிவே கிடையாது. டிரைவிலேயே உள்ள 'செக்யூர் எரேஸ்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் ஆரம்பத்திலேயே முழு டிஸ்க்கையும் என்க்ரிப்ட் செய்து வைத்து, விற்கும்போது சாவியை அழிக்க வேண்டும். வேலை செய்யாத டிரைவ் என்றால் உடைப்பதுதான் வழி. ஹார்ட் டிஸ்க் என்றால் தட்டுகளை, எஸ்எஸ்டி என்றால் சிப்புகளையே நொறுக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் கவலைதானே இது என்று தோன்றலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றம் உள்ள ஊரில் வக்கீல் அலுவலகங்களும் டைப்பிங், டிடிபி, ஜெராக்ஸ் கடைகளும் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர்களில் யாருடைய கிரயப் பத்திரமோ, யாருடைய விவாகரத்து மனுவோ கிடக்கும். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்த மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை எல்லாம் கிடக்கும். மில் கணக்குப் பிரிவில் தொழிலாளியின் வங்கிக் கணக்கு எண் கிடக்கும். அந்தக் கம்ப்யூட்டர் எடைக்குப் போகும்போது விற்பவருக்குச் சில நூறு ரூபாய் வரும். அதில் பெயர் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. நாளைக்கு அவர் பெயரில் யாராவது கடன் வாங்கினால், எங்கிருந்து கசிந்தது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

அதற்காக எல்லாவற்றையும் உடனே துடைத்துவிடவும் முடியாது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 128ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. இன்னொரு பக்கம், 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்ததும் தனிநபர் தகவலை அழிக்கச் சொல்கிறது. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியதற்கு விலக்கு உண்டு. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வரும். ஆகவே முதலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். வேண்டியதை வேறு இடத்தில் பிரதி எடுத்து, திறந்தும் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் துடைப்பது.

கரிவலம்வந்தநல்லூரில் நடக்காமல் போனது இந்த முதல் வேலைதான். பிரித்துப் பார்க்க யாரும் இல்லாததால், காக்க வேண்டியது நெருப்புக்குப் போனது. அதே காரணத்தால்தான் இன்று அழிக்க வேண்டியது காயலான் கடைக்குப் போகிறது.