பத்தொன்பது பவுண்டுக் கோப்பை

1926-ல் ஸ்னூக்கர் ஆட்டக்காரர் ஜோ டேவிஸ் பர்மிங்ஹாம் நகைக்கடை ஒன்றில் ஒரு வெள்ளிக் கோப்பை வாங்கினார். விலை 19 பவுண்டு. உச்சியில் கிரேக்க இடைச்சி ஒருத்தியின் சின்ன உருவம். மேசைக்கும் பந்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பில்லியர்ட்ஸ் சங்கம் முதல்முறையாக நடத்தவிருந்த தொழில்முறை ஸ்னூக்கர் உலகப் போட்டிக்காகத்தான் அந்தக் கொள்முதல். 1927-ல் அதே ஊரின் கேம்கின்ஸ் ஹாலில் டாம் டென்னிஸை 20-11 என்று வீழ்த்தி, தான் வாங்கிவந்த கோப்பையைத் தானே வென்றார் டேவிஸ். கூடவே கிடைத்த பணம் 6 பவுண்டு 10 ஷில்லிங். கோப்பை விலையில் மூன்றில் ஒரு பங்கு!

அதே 1927-ல்தான் கோல்ஃப் உலகத்தின் கிளாரட் ஜக் கோப்பை ஊர் சுற்றுவதை நிறுத்தியது. பிரிட்டிஷ் ஓப்பனில் வெல்பவர்களுக்கு இனி நகல் போதும், அசல் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. அதற்கு அப்போதே அரை நூற்றாண்டு வயது, பத்திரப்படுத்தத் தகுந்த மதிப்பு. ஸ்னூக்கர் கோப்பைக்கு அப்படி எந்த மதிப்பும் இல்லை. பில்லியர்ட்ஸ்தான் அன்று கௌரவமான ஆட்டம். ஊட்டி கிளப்பில் விதி வகுக்கப்பட்ட இந்த வண்ணப்பந்து ஆட்டம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு ஓரத்தில் என்பதற்கு 1931 சாட்சி. அந்த ஆண்டு உலகப் பட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களே இரண்டு பேர்தான்: டேவிஸும் டென்னிஸும். நாட்டிங்ஹாமில் டென்னிஸ் நடத்திய மதுக்கடையின் பின்னறையில் ஆடினார்கள். வீட்டுக்காரர் தோற்றார். போரில் நின்றுபோன ஆண்டுகள் நீங்கலாக 1946 வரை பட்டம் டேவிஸைவிட்டு நகரவில்லை, பதினைந்து முறை. அவர் விலகியதும் பட்டத்தின் கவர்ச்சி குறைந்தது. 1952-ல் சங்கத்தோடு பிணங்கிய ஆட்டக்காரர்கள் தனிப்போட்டி நடத்தினார்கள். சங்கத்தின் போட்டிக்கு மிஞ்சியவர்கள் மறுபடி இரண்டே பேர். 1957-க்குப் பிறகு 1964 வரை போட்டியே இல்லை.

1972 இறுதியாட்டம் பர்மிங்ஹாமில், முன்னாள் படைவீரர்களின் கிளப் ஒன்றில் நடந்தது. நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் மின்வெட்டு. ஜெனரேட்டர் வைத்து ஆட்டத்தை ஓட்டினார்கள். முதல்முறை களமிறங்கிய அலெக்ஸ் ஹிக்கின்ஸ் வென்று வாங்கியது 480 பவுண்டு. பத்தே ஆண்டில் அவரே மீண்டும் வென்றபோது, கண்ணீரோடு மகளைக் கொண்டுவரச் சொல்லிக் கையசைத்ததை நாடே டிவியில் பார்த்தது. அந்த முறை தொகை 25,000. நடுவில் என்ன நடந்தது? வண்ண டிவி வீடுகளில் பரவியது. சிவப்பும் பச்சையும் பிரித்துக் காட்டும் பெட்டி பரவிய பிறகுதான் வீட்டில் இருந்தபடி ஸ்னூக்கர் பார்ப்பதில் அர்த்தம் வந்தது. பின்னாலேயே சிகரெட் கம்பெனியின் பணம். 1977-ல் ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் நாடக அரங்கு நிரந்தர முகவரி ஆனது. 1985-ல் டெனிஸ் டெய்லர் கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை வென்றதை நள்ளிரவு தாண்டி 1.85 கோடிப் பேர் விழித்திருந்து பார்த்தார்கள். புகையிலை விளம்பரத்துக்குத் தடை வந்து அந்தக் கம்பெனி 2005-ல் வெளியேறியபோது முதல் பரிசு இரண்டரை லட்சத்தைத் தொட்டிருந்தது. அதன்பின் சூதாட்ட நிறுவனங்கள் இடம்பிடித்தன. ஒரு கெட்டபழக்கத்தின் காசு போய் இன்னொன்றின் காசு வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

2019 முதல் வெற்றியாளருக்கு 5 லட்சம் பவுண்டு. 2025-ல் அதைக் கொண்டுபோனவர் சீனாவின் ஜாவோ ஷின்டாங். சூதாட்ட விவகாரத்தில் இருபது மாதத் தடை முடிந்து திரும்பியவர், தொழில்முறை அட்டைகூட இல்லாமல் அமெச்சூராகத் தகுதிச்சுற்றிலிருந்து ஆடிவந்து மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்றார். தோற்ற வில்லியம்ஸுக்கு 2 லட்சம். ஜாவோ தூக்கிப் பிடித்தது அதே இடைச்சிக் கோப்பையை.