உடைந்த முன்கவையும் ஒரு கொல்லுலையும்

1913 ஜூலையில் நடைபெற்ற பிரான்ஸ் சுற்றுப் போட்டியில், வெற்றிபெறக்கூடியவராகக் கருதப்பட்ட இயூஜின் கிறிஸ்தோப், தூர்மலே கணவாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அன்றைய மலைப்பாதைகள் மண்ணும் கல்லுமாகவே இருந்தன. திடீரென, நாம் 'போர்க்' என்றழைக்கும் முன்கவை உடைந்தது. பிறர் உதவியைப் பெறக்கூடாது என்பது விதி. சைக்கிளைச் சுமந்தபடி 10 கிலோமீற்றருக்கு மேல் நடந்து, சென் மரி த கம்பான் கிராமத்துக் கொல்லுலையில் தாமே அதனைச் செப்பனிட்டார். துருத்தியை ஒரு சிறுவன் இயக்கினான் என்பதற்காகத் தண்டனை நேரமும் விதிக்கப்பட்டது. 1919இல் மஞ்சள் மேலாடையுடன் முன்னணியில் நின்றபோது மீண்டும் முன்கவை உடைந்து வெற்றியைப் பறித்தது, 1922இலும் உடைந்தது.

ஆயினும் அது உருக்கு. உலையில் இட்டு ஒட்டவைக்க முடிந்தது. இன்று மலைச் சைக்கிளுக்கு, அதிர்வுதாங்கி இல்லாத காபன் இழை முன்கவையைத் தேடுவோர் பலர் முதலில் கேட்பது அதன் எடையைத்தான். உருக்கு பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். காபன் இழையோ உட்சேதத்தை வெளியே காட்டாமலே முறியக்கூடும். வழியோரக் கொல்லுலையில் அதனைச் சீராக்கவும் இயலாது. ஆகவே, கரடுமுரடான பாதைக்கென உருவாக்கப்பட்டதா, ஓட்டுபவரின் எடையையும் தட்டுப் பிறேக்கின் விசையையும் தாங்குமா, சைக்கிள் சட்டத்துக்கு ஏற்ற நீளமுடையதா என்பவற்றையே முதலில் பார்க்கவேண்டும். பலமாக விழுந்த பின்னர் பரிசோதிக்காமல் அதில் ஏறக்கூடாது.

கிறிஸ்தோப் இழந்தது போட்டியை மட்டுமே. எழுந்து நடக்க அவருக்குக் கால்கள் இருந்தன. சில நூறு கிராம் எடைக்காக நாம் அதனைப் பணயம் வைக்கலாகாது.