திரும்பி வருவது யாருடைய மூதாதை?



நினைவுச் சொற்பொழிவு என்று கூடுவது, இறந்தவர் ஒருவரை நம் நடுவே அழைத்து உட்கார வைப்பதற்காகத்தான். நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்கள் இதைப் பேச்சால் மட்டும் செய்யவில்லை. மரத்தாலும் துணியாலும் பனைநாராலும் ஆடும் உடலாலும் செய்தார்கள். செத்தவர்கள் முகமூடியாக ஊருக்குள் திரும்பி வந்தார்கள். அந்த ஆட்டத்தின் வரலாற்றை ஒரு கேள்வியோடு இன்று பார்க்கலாம். திரும்பி வருகிற அந்த மூதாதை யாருடைய மூதாதை?

இக்போ மொழியில் இந்த முகமூடிக்கு 'ம்மன்வு' என்று பெயர். ஆவி, செத்தவர் என்னும் பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே யாரோ ஒருவர் வேஷம் கட்டி வந்திருக்கிறார் என்று அங்கே சொல்லக் கூடாது. மண்ணுக்கு அடியில் இருப்பவர்கள் எறும்பு வளை வழியாக மேலே வந்திருக்கிறார்கள் என்பதே நம்பிக்கை. தலை முதல் கால் வரை உடம்பு மூடியிருக்கும். குரலும் மனிதக் குரலாக இருக்காது. வாயில் வைத்த சிறு கருவி அதைத் திரித்துவிடும். சில முகமூடிகள் இரவில் மட்டும் வரும். அவற்றைப் பார்க்கக் கூடாது, குரலை மட்டுமே கேட்கலாம். சேர்ப்புச் சடங்கு முடிக்காதவர்கள் அப்போது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தின் அழகை மறுக்க முடியாது. 'அக்போகோ ம்முவோ' என்பது கன்னி ஆவி. வெள்ளை பூசிய முகம், மெல்லிய மூக்கு, உயர்ந்த கொண்டை. வெள்ளை அங்கே ஆவி உலகத்தின் நிறம். இதற்கு எதிர்நிலையில் முரட்டு ஆண் முகமூடிகள் வரும். இவற்றுக்கெல்லாம் அரசனைப் போல வருவது 'இஜெலே'. சுமார் நான்கு மீட்டர் உயரம். மூங்கில் சட்டத்தின் மேல் வண்ணத் துணியும் மனிதர், விலங்குகளின் உருவங்களும் அடுக்கடுக்காக ஏறி நிற்கும். இதைச் செய்து முடிக்க நூறு பேர் ஆறு மாதம் உழைக்கிறார்கள் என்கிறது யுனெஸ்கோ. அந்த அமைப்பு 2009இல் இஜெலேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் ம்மன்வு வெறும் கலை அல்ல. பெரும்பாலான இக்போ ஊர்களில் அரசன் இல்லை. 'உமுன்னா' என்னும் தந்தைவழிப் பங்காளிக் கூட்டமும் வயதுக் குழுக்களும் ஊர் மன்றமும் சேர்ந்து முடிவெடுத்தன. அரசனும் காவலனும் இல்லாத இடத்தில் தீர்ப்பை யார் நிறைவேற்றுவது? பக்கத்து வீட்டுக்காரன் வந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அது சண்டை. மூதாதை வந்து பிடித்துக்கொண்டு போனால் அது அபராதம். முகமூடி சட்டத்தின் முகமாக இருந்தது.

அதே முகமூடி அதிகாரத்தைக் கேலி செய்யவும் பயன்பட்டது. அஃபிக்போ என்னும் ஊரில் 'ஒகும்க்பா' என்றொரு நையாண்டி ஆட்டம் உண்டு. மானுடவியலாளர் சைமன் ஒட்டன்பெர்க் 1950களில் அங்கே தங்கி அதைப் பதிவு செய்தார். பேராசை பிடித்த பெரியவர்களையும் ஊர்ப்பணத்தைத் தின்றவர்களையும் இளைஞர்கள் முகமூடி போட்டுக்கொண்டு நடுத்தெருவில் கிழிப்பார்கள். பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டாக வேண்டும். இந்த ஆட்டத்தில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முகமூடி ஆட்டத்தை ஒரே இடத்தில் நின்று பார்க்காதே என்பது இக்போ மக்களின் பழமொழி. அந்த அறிவுரையை ஏற்று நாமும் இடம் மாறி நின்று பார்ப்போம்.

முதலில் பெண்கள் நின்ற இடம். சில ஊர்களில் வயதான ஒருசில பெண்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், பொதுவாகப் பெண்களுக்கு முகமூடிச் சங்கத்தில் இடமில்லை. கன்னி ஆவியாக ஆடுவதும் ஆண்தான். உள்ளே இருப்பது மனிதன் என்பது பெண்களுக்குத் தெரியாத ரகசியமா? ஆடுவது தன் மகன் என்று தாய்க்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வதுதான் குற்றம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டுவது எப்படிப்பட்ட அதிகாரம் என்பதை இந்த அரங்கில் விளக்க வேண்டியதில்லை. 1929இன் இறுதியில் பிரிட்டிஷ் ஆட்சி தங்கள் மேலும் வரி போடப்போகிறது என்று அஞ்சி ஆயிரக்கணக்கான பெண்கள் எழுந்தார்கள். முகத்தில் கரி பூசி, தலையில் பெரணி இலை கட்டி, கையில் பனங்குருத்து ஏந்தி வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அடுத்தது 'ஓசு'க்கள் நின்ற இடம். ஊர்த் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர் ஓசு. தன் பாவம் தீர ஒருவர் விலைக்கு வாங்கி நேர்ந்துவிட்டவரும் உண்டு. அடிமை வணிகத்துக்கும் ஆபத்துக்கும் தப்பிக் கோவிலில் தஞ்சம் புகுந்தவரும் உண்டு. அவர் தெய்வத்தின் உடைமை, ஆகவே அவரைத் தொடக் கூடாது. புனிதம் என்று சொல்லியே ஒருவரைத் தீண்டாதவராக ஆக்கினார்கள். அந்த நிலை பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கியது. 'டியாலா' எனப்படும் சுதந்திரக் குடியினர் ஓசுவோடு மணம் செய்யக் கூடாது. ஊர்ப் பட்டங்களும் மன்றத்தில் இடமும் அவருக்கு இல்லை. குடியிருப்பும் தனி, புதைக்கும் இடமும் தனி.

கட்டுப்பாடு ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அடிப்படை ஒன்று. முகமூடியாக வருவது பங்காளிக் கூட்டத்தின் மூதாதை. ஓசு அந்தக் கூட்டத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டவர். அவருக்குத் தெய்வம் உண்டு, ஆனால் ஊர் ஏற்றுக்கொண்ட முன்னோர் இல்லை. அரசன் இல்லாத மக்களாட்சி என்று இக்போ சமூகத்தைப் பலர் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தப் புகழ் பொய் அல்ல. அந்த மன்றத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறாகும்.

1857இல் ஒனிட்சாவில் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது. அதை நடத்த வந்த ஜான் கிறிஸ்டோபர் டெய்லர், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இக்போ பெற்றோருக்கு சியரா லியோனில் பிறந்தவர். அடுத்து வந்த ஆண்டுகளில் சபைக்குள் முதலில் நுழைந்தவர்களில் ஓசுக்களும் அடிமைகளும் பலர். சினுவா ஆச்சிபி 1958இல் எழுதிய நாவல் தமிழில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கிறது. புதிதாக மதம் மாறிய ஒருவன் முகமூடியின் முகத்தைக் கிழிப்பதும், முகமூடிகள் திரண்டு தேவாலயத்தை அழிப்பதும் அதில் வருகின்றன. அந்தக் காட்சியை நாம் மறப்பதில்லை. அதே நாவலில் சற்று முன்பு இரண்டு ஓசுக்கள் தேவாலயத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பவர்கள் புதுக் கிறிஸ்தவர்களே. இந்தக் காட்சியை நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. 1960இல் வந்த ஆச்சிபியின் அடுத்த நாவலில், மகன் ஓசுப் பெண்ணை மணக்க விரும்பும்போது குறுக்கே நிற்கும் தந்தை சபை ஊழியம் செய்தவர். மதம் மாறியும் சாதி மாறாத கதை நமக்குப் புதிதல்ல.

1956இல் கிழக்கு மாகாணச் சட்டமன்றம் ஓசு முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. அப்போதைய மாகாண முதல்வர் நம்டி அசிகிவே அவையில் அதை ஆதரித்துப் பேசினார். 1999ஆம் ஆண்டு நைஜீரிய அரசமைப்பும் பிறப்பின் காரணமாக எவருக்கும் உரிமை மறுக்கக் கூடாது என்கிறது. இருந்தும் கல்யாணப் பேச்சு எழும்போது இரு வீட்டாரும் ஊருக்கு ஆள் அனுப்பி ரகசியமாக விசாரிக்கிறார்கள். ஓசு என்று தெரிந்தால் பேச்சு முறிகிறது.

2001இல் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு கூடியது. சாதியை அங்கே பேசக் கூடாது என்று இந்திய அரசு எதிர்த்தது. அந்த மாநாட்டையொட்டி மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கையில் இந்தியாவின் தலித்துகளும் ஜப்பானின் புராக்குமினும் நைஜீரியாவின் ஓசுக்களும் அடுத்தடுத்த பக்கங்களில் நின்றார்கள். மறு ஆண்டு, இன ஒதுக்கலுக்கு எதிரான ஐ.நா. குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அதை ஒத்த முறைகளும் அடங்கும் என்று பரிந்துரைத்தது. நம் மக்களின் போராட்டமும் ஓசுக்களின் போராட்டமும் ஒரே தாளில் எழுதப்பட்டது அப்படித்தான்.

அப்படியானால் இஜெலேயை நாம் வெறுக்க வேண்டுமா? வேண்டாம். வெள்ளையர் ஆட்சியும் மிஷனும் பேய் வழிபாடு என்று இகழ்ந்த ஒன்றை ஒரு மக்கள் கூட்டம் காத்து வந்திருக்கிறது. அதற்கு நம் மரியாதை உண்டு. அதே வேளையில், பொது மரபு என்று பட்டியலில் ஏறிய பிறகு அது எல்லோருக்கும் பொதுவா என்று கேட்கும் உரிமையும் வருகிறது. அந்த முகமூடியை ஓசுவின் மகன் அணியலாமா? அவன் பாட்டியின் ஆவி ஊருக்குள் வரலாமா? அஃபிக்போவின் இளைஞர்கள் பெரியவர்களை நடுத்தெருவில் கேள்வி கேட்டதுபோல இந்தக் கேள்வியையும் அந்தத் திடலிலேயே கேட்கலாம். கேட்பதற்கான இடம் அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது.

நம் திருவிழாக்களையும் நம் கூத்துகளையும் மரபென்று கொண்டாடும்போது, நாமும் இடம் மாறி நின்று பார்ப்போம்.