நோய்ப்பட்டியலும் ஊசிமுனையும்

'தாவணி' என்னும் சொல், பல மாடுகளை வரிசையாகப் பிணிக்க உதவும் நீண்ட கயிற்றைக் குறிப்பது. அதிலிருந்து மாட்டுச்சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. மதுரை மாட்டுத்தாவணியில் சந்தை கூடிய இடத்தில் 1999 முதல் பேருந்து நிலையம் இயங்குகிறது. கயிறு போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது. நம் ஊர்களில் காணும் அக்குபங்சர் விளம்பரங்களைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கயிறே நினைவுக்கு வருகிறது. தலைவலி, மூட்டுவலி, ஆஸ்துமா, சர்க்கரை நோய் என எத்தனை நோய்கள் ஒரே ஊசியில் கட்டப்பட்டுள்ளன! கட்டியவர் யார்?

அக்குபங்சர் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்பது உண்மை. ஆனால் அது இடையறாமல் போற்றப்பட்டது என்பது உண்மையன்று. 1822இல் சீனப் பேரரசரே தம் அரச மருத்துவக் கழகத்திலிருந்து அதனை விலக்கினார். 1950களில், மருத்துவர் பற்றாக்குறை மிகுந்த நாட்டில், மாவோ அரசுதான் அதற்கு மறுவாழ்வு அளித்தது.

அது இந்தியாவுக்கு வந்த வழி சுவையானது. ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்கு 1938இல் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுள் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர்நீத்தார். அவர் பெயரைப் பலரும் அறிவர். உடன்சென்ற விஜய்குமார் பாசுவை அறிந்தோர் குறைவு. அவர் 1958இல் மீண்டும் சீனம் சென்று ஊசிமுறையைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். மேலை மருத்துவத்தைக் கொண்டுபோன குழுவைச் சேர்ந்தவரே கீழை மருத்துவத்தைக் கொண்டுவந்தார்.

1971இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்னும் அமெரிக்க இதழாளருக்குப் பீகிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மயக்கமருந்து வழக்கமான முறையிலேயே தரப்பட்டது. பிறகு ஏற்பட்ட வயிற்று உப்புசத்துக்கே ஊசி இட்டனர். எனினும் ஊசியாலேயே அறுவை நடந்ததாகக் கதை பரவிவிட்டது.

அதன்பின் வந்ததுதான் பட்டியல். 1979இல் பீகிங்கில் நடந்த கருத்தரங்கின் வழியே உலக நலவாழ்வு நிறுவனம் 43 நோய்களைக் குறிப்பிட்டது. ஒற்றைத்தலைவலி, முகவாதம், பல்வலி ஆகியவற்றோடு சீதபேதியும் கண்புரையும்கூட அதில் இடம்பெற்றன. இப்பட்டியல் மருத்துவர்தம் அனுபவத்தைச் சார்ந்ததே, கட்டுப்படுத்திய ஆய்வுகளின் முடிவாகக் கொள்ளவேண்டியதில்லை என்னும் குறிப்பு உடனேயே இருந்தது. பட்டியல் ஊர்தோறும் சென்றது, குறிப்பு செல்லவில்லை. கண்புரையையே எடுத்துக்கொள்வோம். அப்பட்டியலுக்கு மூன்றாண்டுகள் முன்னர், 1976இல், மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரைக்குத் தீர்வு அறுவையே என்பதற்கு நம் கிராமங்களில் பார்வை மீண்ட முதியோர் எண்ணற்றோர் சான்று.

ஆய்வுகள் சொல்வது என்ன? 1997இல் அமெரிக்க அரசின் நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு, அறுவைக்குப் பின்னும் புற்றுநோய் மருந்துக்குப் பின்னும் வரும் குமட்டல், அறுவைக்குப் பிந்தைய பல்வலி ஆகியவற்றில் பயன் உண்டு என்றது. ஒற்றைத்தலைவலி பற்றிய 22 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வும் ஓரளவு பயனை ஒப்புக்கொண்டது. 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு நம்மைச் சிந்திக்கவைப்பது. நாள்பட்ட முதுகுவலியுடைய 1162 பேருள், முறையான ஊசி பெற்றோரில் 47.6 விழுக்காட்டினர் நலம் கண்டனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்ட போலி ஊசியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி பயன்தருகிறது; ஆனால் புள்ளிகளின் மகிமை ஐயத்துக்குரியது. கவனித்துக் கேட்கும் மருத்துவரும், நோயாளியின் எதிர்பார்ப்பும் அப்பயனில் பங்குபெறுகின்றனர் போலும். தமிழகத்தில் பரவியுள்ள, ஊசியின்றி விரலால் தொடும் முறையை இவ்வாய்வுகள் சோதிக்கவே இல்லை என்பதும் கருதத்தக்கது.

2003இல் சிகிச்சைவழிகளுள் ஒன்றாக மட்டும் ஏற்றிருந்த நடுவண் அரசு, 2019இல் அக்குபங்சரைத் தனி மருத்துவமுறையாக அங்கீகரித்தது. அங்கீகாரம் முறைக்கே; விளம்பரப் பலகையின் ஒவ்வொரு வரிக்கும் அன்று.

வலியும் குமட்டலும் ஒருவகை நோய்கள். அவற்றில் நோயாளியின் சொல்லே அளவுகோல். முதுகுவலிக்காரர் தூய ஊசியை நாடுவதில் குறைகூற ஒன்றுமில்லை. பயன் தராவிட்டாலும் இழப்பு சிறிது. சர்க்கரையும் காசநோயும் அப்படியல்ல. குருதியில் ஏறும் சர்க்கரை வலிக்காது. காசநோயாளி மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். முதல்வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்துவது உயிரையே பறிக்கும். 'எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்று எவரேனும் சொன்னால், அது கேட்பவர் எழுந்துவர வேண்டிய இடம்.

பாசு கொண்டுவந்த ஊசி மெல்லியது. அதனால் தாங்கக்கூடிய நோய்களை மட்டும் அதில் கட்டுவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.